குடித்துத் தீராத கணக்கு

(தலைப்பு: சேர்த்து வைப்பதில் இருப்பது சுகமா? சுமையா? – ‘சுமையே’ அணியில் பேசிய குன்னூர் ஆசிரியை ஒருவரின் பேச்சு)



எனக்கு முன்னால பேசின சகோதரர் எறும்பைப் பத்திச் சொன்னார். எறும்பு மழைக்காலத்துக்குச் சேர்த்து வைக்குது, அதைப் பார்த்து மனுஷன் கத்துக்கணும்னார். நான் ஒத்துக்கறேன். ஆனா எறும்பு அரிசியைச் சேர்க்குது, சர்க்கரையைச் சேர்க்குது. அது தின்னக்கூடியதைத்தான் சேர்க்குது. தின்னவே முடியாத அளவுக்குச் சேர்த்துட்டு, அதுக்குக் கண்ணாடி அலமாரி செஞ்சு, உள்ளே லைட்டும் போட்ட எறும்பை நான் பார்த்ததில்லை! (சிரிப்பு, கைதட்டல்)

நான் பேசப் போறது விஸ்கியைப் பத்தி. பயப்படாதீங்க. முப்பது வருஷம் கணக்கு டீச்சரா இருந்தவ நான். ஒரு சொட்டுகூட நாக்குல பட்டதில்லை. ஆனா அதோட கணக்கு எனக்கு நல்லாத் தெரியும். குடிச்சவங்களுக்குத்தான் கணக்கு மறந்து போகும்! (சிரிப்பு)

எங்க ஊர் குன்னூர். பக்கத்துல வெலிங்டன். அங்கே மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருக்கு, ராணுவ அதிகாரிகள் படிக்கிற கல்லூரி இருக்கு. அங்கே வேலை பார்த்தவங்களும் படிச்சவங்களும், ஓய்வு பெற்றதும் இந்தக் குளிரையும் பச்சையையும் விட மனசில்லாம எங்க மலையிலேயே வீடு கட்டிக் குடியேறிடறாங்க. நாட்டைக் காத்தவங்க. அவங்க மேல எங்களுக்கு ரொம்ப மரியாதை.

அவங்களுக்கு மிலிட்டரி கேன்டீன் வசதி உண்டு. சோப்பு, பிஸ்கட், மிக்ஸியோட மதுபானமும் கிடைக்கும். வகித்த பதவிக்குத் தகுந்த மாதிரி மாசத்துக்கு இத்தனை பாட்டில்னு கோட்டா. வெளியே விக்கிறதைவிட விலை குறைவு. இங்கேதான் மனுஷ மனசு வேலை செய்யுது. குடிக்கணும்னு தோணுதோ இல்லையோ, ‘கார்டுல இருக்கே, இந்த மாசம் வாங்கலைன்னா போயிடுமே’ங்கிற எண்ணம். ரேஷன் கார்டுல நமக்கு வேண்டாத பொருளையும் விடாம வாங்கறோமே, அதே குணம்தான்! (கைதட்டல்)

கணக்கைப் பார்ப்போம். ஒரு பாட்டில் 750 மில்லி. சின்ன பெக்குங்கிறது 30 மில்லி, பெரிய பெக்குங்கிறது 60 மில்லி. ஒரு பெரியவர் கட்டுப்பாடா ராத்திரிக்கு ஒரே ஒரு பெரிய பெக் குடிக்கிறார்னு வெச்சுக்குங்க. ஒரு பாட்டில் பன்னிரண்டரை நாள் வரும். வருஷத்துக்கு 29 பாட்டில். அவர் மாசம் ஆறு வாங்கினா வருஷத்துக்கு 72. மிச்சம் 43. ஏழே வருஷத்துல அலமாரியில 300 பாட்டில்! ஒரு தப்பும் பண்ணலை, ஒருநாளும் தள்ளாடலை. வெறும் கழித்தல் கணக்குலயே 300 பாட்டிலுக்குச் சொந்தக்காரர் ஆயிட்டார். அதைக் குடிச்சுத் தீர்க்க இன்னும் பத்து வருஷம் வேணும். அவருக்கு வயசு 80.

எதிரணி சகோதரி கேட்கலாம். ‘இருந்துட்டுப் போகட்டுமே டீச்சர், பழசாக ஆகத்தானே விஸ்கிக்கு மதிப்பு?’ன்னு. நிறைய பேர் அப்படித்தான் நம்பறாங்க. அதனால கொஞ்சம் பாடம் நடத்திடறேன்.

விஸ்கி வயசாகறது பாட்டில்ல இல்லைங்க, மரப்பீப்பாய்ல. காய்ச்சி இறக்கும்போது அது தண்ணி மாதிரி நிறமில்லாமத்தான் இருக்கும். ஓக் மரப் பீப்பாய்ல வருஷக்கணக்கா கிடக்கும்போது, மரத்துலேருந்து நிறமும் மணமும் அதுல இறங்குது. காத்து மரத்தின் வழியா உள்ளே போகும், சாராயம் கொஞ்சம் கொஞ்சமா ஆவியா வெளியே போகும். அப்படிப் போற பங்குக்கு ‘தேவதைகளின் பங்கு’ன்னு ஸ்காட்லாந்துல செல்லப் பேர் வெச்சிருக்காங்க. அங்கே குளிர்ங்கிறதால வருஷத்துக்கு நூத்துக்கு ரெண்டு பங்கு போகும். நம்ம பெங்களூர் வெயிலுக்கு நூத்துக்குப் பத்துக்கு மேலேயே போயிடும். நம்ம ஊர் தேவதைகளுக்கு தாகம் ஜாஸ்தி! (சிரிப்பு) அதனாலதான் பெங்களூர் அம்ருத் கம்பெனி 2004-ல தன் சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்துக்கே கொண்டுபோய் அறிமுகப்படுத்தினப்போ, அங்கே பத்துப் பன்னிரண்டு வருஷம் பிடிக்கிற பக்குவம் இங்கே நாலஞ்சு வருஷத்துல வருதேன்னு ஆச்சரியப்பட்டாங்க.

ஆனா பீப்பாயிலிருந்து கண்ணாடி பாட்டிலுக்கு மாத்தி மூடி போட்ட நிமிஷத்தோட வயசு நின்னு போச்சு. லேபிள்ல ‘12 வருஷம்’னு இருந்தா அது மரத்துக்குள்ள இருந்த வருஷம். நீங்க வாங்கி அலமாரியில 20 வருஷம் வெச்சாலும் அது 32 ஆகாது. என்னைக்கும் 12-தான். இதுக்கு ஒரு சாட்சி சொல்றேன். 1907-ல தென் துருவத்துக்குப் புறப்பட்ட ஷாக்கிள்டன்ங்கிற அயர்லாந்துக்காரர், விஸ்கிப் பெட்டிகளையும் கூடவே கொண்டுபோனார். திரும்பும்போது மிச்சம் அங்கேயே விட்டுப்போச்சு. அவர் தங்கியிருந்த குடிசைக்கு அடியில, பனிக்கட்டிக்குள்ள நூறு வருஷம் கிடந்த பெட்டியை 2010-ல வெட்டி எடுத்தாங்க. ரசாயன நிபுணர்கள் சோதிச்சுப் பார்த்தா, நூறு வருஷத்துக்கு முன்னால அடைச்ச அதே சரக்கு. அதே மாதிரி புதுசா ஒண்ணு தயாரிச்சு 2011-ல விற்பனைக்கே கொண்டுவந்தாங்க. பாட்டில்ல வெச்சா கெடாதுங்கிறது உண்மை. ஆனா வளராதுங்கிறதும் உண்மை.

அதுவும் மூடி திறக்காத வரைக்கும்தான். திறந்து பாதி குடிச்சுட்டு வெச்சா, உள்ளே புகுந்த காத்து மாசக்கணக்குல மணத்தைக் கெடுத்துடும். கார்க் மூடி போட்ட பாட்டிலைப் படுக்க வெச்சா சாராயம் கார்க்கை அரிச்சுடும். வெயில் பட்டா நிறம் வெளுக்கும். எங்க நீலகிரியில குளிர் நல்லதுதான், ஆனா ஈரம் இருக்கே! தென்மேற்குப் பருவமழை ஊட்டி, கூடலூர்ப் பக்கம் அடிக்கும். வடகிழக்கு எங்க குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அடிக்கும். பீரோவுல வெச்ச பட்டுப்புடவையில பூஞ்சை பிடிக்கிற ஊர். லேபிள் உரிஞ்சு, பூச்சி அரிச்சு, உள்ளே இருக்கிறது என்னன்னே தெரியாமப் போயிடும்.

‘வித்தா கோடி கிடைக்குமே’ம்பீங்க. உண்மை. 2023 நவம்பர்ல லண்டன்ல மெக்காலன்ங்கிற 1926-ம் வருஷத்து விஸ்கி, ஒரே ஒரு பாட்டில், 21 லட்சத்து 87 ஆயிரத்து 500 பவுண்டுக்கு ஏலம் போச்சு. நம்ம பணத்துல இருபது கோடிக்கு மேல. ஆனா அது 60 வருஷம் பீப்பாய்ல இருந்தது. மொத்தமே 40 பாட்டில். நம்ம கேன்டீன் பாட்டில் லட்சக்கணக்குல வருது. தவிர நம்ம ஊர்ல விக்கிற விஸ்கியில பெரும்பகுதி, கரும்பாலைக் கழிவுப்பாகுலேருந்து காய்ச்சின சாராயத்தோட கொஞ்சம் மால்ட் கலந்தது. அதை நூறு வருஷம் வெச்சாலும் யாரும் ஏலம் கேட்க மாட்டாங்க. அது மட்டுமில்லை. உரிமம் இல்லாம ஒரு பாட்டிலை வித்தாலும் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். வீட்ல வெச்சுக்கறதுக்கும் ஒரு அளவு உண்டு, அதுக்கு மேல போனா அனுமதி வேணும். ஆக, குடிக்க முடியாது, விக்க முடியாது, வளராது. இதுக்குப் பேர் சொத்தா? சொல்லுங்க! (கைதட்டல்)

உலகத்துல பெரிய பெரிய ஆளெல்லாம் இதுல மாட்டியிருக்காங்க. பிரேசில் நாட்டுல கிளைவ் விடிஸ்னு ஒருத்தர், முப்பத்தஞ்சு வருஷமா ஸ்காட்ச் பாட்டில் சேர்த்தார். மொத்தம் 3,384. நம்ம ஒரு பெக் கணக்குப்படி குடிச்சா 116 வருஷம். கடைசியில ஒரு பெரிய மதுபானக் கம்பெனி மொத்தமா வாங்கி, 2009-ல எடின்பரோ நகரத்துல கண்ணாடி அறை கட்டிக் காட்சிக்கு வெச்சது. இப்ப ஜனங்க டிக்கெட் வாங்கிப் பார்த்துட்டு வர்றாங்க. வாங்கினவர் குடிக்கலை. பார்க்கிறவங்களும் குடிக்கலை!

நம்ம தமிழ்நாட்டுல பதுக்கறதுக்கு இன்னொரு காரணமும் உண்டு, பயம். ‘எப்ப மூடுவாங்கன்னு தெரியாது.’ 1937 அக்டோபர் 1-ல ராஜாஜி சேலம் மாவட்டத்துல மதுவிலக்கு கொண்டுவந்தார். 1948-ல மாகாணம் முழுக்க வந்தது. 1971-ல திறந்தாங்க, 1974-ல மூடினாங்க, 1981-ல மறுபடி திறந்தாங்க. 1983-ல டாஸ்மாக் வந்தது, 2003-லேருந்து சில்லறைக் கடையையும் அரசாங்கமே நடத்துது. 2020 ஊரடங்குல ஆறு வாரம் மூடியிருந்துட்டு மே 7-ந் தேதி திறந்தப்போ நின்ன வரிசையை நீங்க எல்லாரும் டி.வி.யில பார்த்தீங்க. பயந்து வாங்கறவன் தேவைக்கு வாங்க மாட்டான். பயத்துக்கு அளவே கிடையாது. அதனால அவன் வாங்கறதுக்கும் அளவு கிடையாது.

நடுவர் அவர்களே, இப்ப நான் கண்ணால பார்த்த ஒண்ணைச் சொல்றேன். பேர் வேண்டாம். எங்க தெருவுல ஒரு மேஜர் சார் இருந்தார். தங்கமான மனுஷர். அளவா இருப்பார், அதிர்ந்து பேச மாட்டார். ஒரு மார்கழி மாசம் காலமாயிட்டார். காரியமெல்லாம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு அவர் வீட்டம்மா என்னைக் கூப்பிட்டாங்க. ‘டீச்சர், நீங்கதான் கணக்கு டீச்சராச்சே, கொஞ்சம் வந்து எண்ணித் தாங்களேன். எனக்குப் பார்க்கவே பயமா இருக்கு’ன்னாங்க. நான் நகையோ பத்திரமோன்னு நினைச்சுப் போனேன். உள் அறையைத் திறந்தாங்க. சுவர் முழுக்க பாட்டில். எண்ணினேன். 304.

பாதிக்கு மேல பாட்டில் கழுத்துல நூல் கட்டி ஒரு சின்னச் சீட்டு தொங்குது. அவர் கையெழுத்து. ‘மகள் கல்யாணத்துக்கு.’ ‘தம்பி வந்தால்.’ ‘பேரன் பிறந்த செய்திக்கு.’ ‘என் 75-வது பிறந்த நாளுக்கு.’ ‘பழைய பட்டாலியன் நண்பர்கள் வரும்போது.’ நான் ஒவ்வொண்ணாப் படிச்சேன். மகள் கல்யாணம் முடிஞ்சு 18 வருஷமாச்சு. பேரன் காலேஜ் படிக்கிறான். தம்பி இவருக்கு முன்னாலயே போயிட்டார். எல்லா நல்ல நாளும் வந்துச்சு, எல்லாம் போயிடுச்சு. பாட்டில் மட்டும் திறக்கவே இல்லை.

‘ஏம்மா, தம்பி வரவே இல்லையா?’ன்னு கேட்டேன். அந்தம்மா சொன்னாங்க. ‘வந்தார் டீச்சர், நாலஞ்சு தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் இவர் அந்தப் பாட்டிலை எடுத்துக் காட்டுவார். அடுத்த தடவை நீ குடும்பத்தோட வா, திறக்கலாம்பார். திரும்ப உள்ளே வெச்சுடுவார்.’

(அரங்கில் அமைதி)

எனக்கு விஸ்கி முக்கியமில்லைங்க. அது திறக்காம இருந்தது உடம்புக்கு நல்லதுன்னுகூட சொல்லலாம். கொஞ்சமாக் குடிச்சா பரவாயில்லைன்னு ஒரு அளவே கிடையாது, எந்த அளவும் பாதுகாப்பு இல்லைன்னு உலக சுகாதார நிறுவனமே 2023-ல சொல்லிடுச்சு. என் கேள்வி வேற. அந்தத் தம்பியோட உட்கார்ந்து ஒரு மணி நேரம் மனசுவிட்டுப் பேச வேண்டியதை, ஒரு பாட்டிலுக்குள்ள போட்டு மூடி வெச்சுட்டாரே! அந்தச் சாயங்காலத்தை எந்தக் கேன்டீன்ல போய் வாங்கறது?

அந்தம்மா வக்கீலைக் கலந்துக்கிட்டு எல்லாத்தையும் முறைப்படி அதிகாரிங்ககிட்ட ஒப்படைச்சாங்க. சீட்டையெல்லாம் மட்டும் அவிழ்த்துத் தனியா எடுத்துக்கிட்டாங்க. அவங்களுக்கு வேண்டியது அந்தக் கையெழுத்துதான்.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. எங்க நீலகிரியில 2022 மே மாசத்துலேருந்து டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கறாங்க, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா அந்தப் பத்து ரூபாயைக் கொடுத்துடறாங்க. குடிச்சுட்டுக் காட்டுல வீசற கண்ணாடி, யானையோட காலைக் கிழிக்குதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதால வந்த திட்டம். அப்புறம் மத்த மாவட்டங்களுக்கும் போச்சு. ஆக, எங்க மலையில காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் விலை உண்டு. நிறைஞ்ச பாட்டில் 304 வெச்சிருந்த அம்மாவுக்கு ஒரு பைசா கிடையாது! (கைதட்டல்)

எதிரணியில சொல்லலாம், ‘அப்ப சேர்க்கவே கூடாதா? கையில இருக்கிறதை அன்னன்னிக்கே காலி பண்ணிடணுமா?’ன்னு. அந்தப் பக்கத்தையும் பார்த்தவ நான்.

1964-ல சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் போட்டாங்க. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல தலைமுறை தலைமுறையா உழைச்ச லட்சக்கணக்கான தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பினாங்க. அவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல நீலகிரியில அரசாங்கத் தேயிலைத் திட்டம் ஆரம்பிச்சது. தலைமன்னார்ல கப்பல் ஏறி, ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் முகாம்ல காத்திருந்து, இந்த மலைக்கு வந்த குடும்பங்கள்ல எங்க குடும்பமும் ஒண்ணு. லயன் வீடு. அப்பாவும் அம்மாவும் தோட்டத்துல வேலை.

1981-ல சாராயக்கடை திறந்தப்போ நான் பள்ளிக்கூடத்துல படிச்சுக்கிட்டிருந்தேன். சம்பளத்தன்னிக்கு அம்மா தோட்டத்து முனையில வந்து நிப்பாங்க. அப்பா கடைக்குப் போறதுக்கு முன்னால அவர் கையைப் பிடிக்கணுமே! பிடிச்சா அந்த மாசம் அரிசி. பிடிக்கலைன்னா கடன். மேஜர் சார் குடிக்க முடியாத அளவுக்கு வெச்சிருந்தார். எங்கப்பா வெச்சிருந்ததுக்கு மேல குடிச்சார். எங்கப்பா எதையும் நாளைக்குன்னு எடுத்து வைக்கலை. மேஜர் சார் எதையும் இன்னைக்குன்னு எடுக்கலை. ரெண்டு வீட்லயும் பொம்பளைங்கதான் கடைசியில கணக்கை முடிச்சாங்க. (பலத்த கைதட்டல்)

திருவள்ளுவர் 93-ம் அதிகாரமாகக் கள்ளுண்ணாமையை வெச்சார். அது எங்கப்பாவுக்கு. 101-ம் அதிகாரமா நன்றியில் செல்வம்னு வெச்சார். யாருக்கும் பயன்படாம கிடக்கிற செல்வத்தைப் பத்தியே பத்துக் குறள். அது அலமாரிக்காரங்களுக்கு. ரெண்டையும் பொருட்பால்லயேதான் வெச்சிருக்கார். நடுவுல ஏழே அதிகாரம்தான்.

சரி, சேமிப்புன்னா என்ன? அதையும் எங்க லயன் வீட்லயே பார்த்தேன். அம்மா ஒவ்வொரு வேளையும் உலைக்கு அரிசி போடறதுக்கு முன்னால, ஒரு பிடி எடுத்து ஒரு மண்பானையில போடுவாங்க. பிடி அரிசி. உங்க பாட்டியும் செஞ்சிருப்பாங்க. மாசக் கடைசியில கையில காசு இல்லாதப்போ அந்தப் பானைதான் எங்களுக்குச் சோறு போடும். ஒண்ணாந்தேதி பானை காலி. மறுபடி ஒரு பிடி. எதிரணி நண்பர்களே, அந்தப் பானையில யாருக்குன்னு தெரியும், எப்பன்னு தெரியும். இந்த ரெண்டு கேள்விக்குப் பதில் இருந்தா அது சேமிப்பு. பதில் இல்லைன்னா அது குவிப்பு. எறும்பு செய்யறது பிடி அரிசி. நாம செய்யறது கண்ணாடி அலமாரி.

‘எங்க வீட்ல விஸ்கியே இல்லையே’ன்னு நிம்மதியா உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, கொஞ்சம் பொறுங்க! விருந்தாளிக்குன்னு வெச்ச அந்தப் பூப்போட்ட பீங்கான் கோப்பையை எத்தனை வருஷமா எடுக்கலை? (சிரிப்பு) கல்யாணத்துல வந்த பத்து ஃப்ளாஸ்க்ல ஒன்பது இன்னும் அட்டைப்பெட்டியிலதானே இருக்கு? நல்ல நாளுக்குன்னு வெச்ச புடவை மடிப்புலயே கிழிஞ்சுதா இல்லையா? அதுங்க கழுத்துல சீட்டு தொங்கலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நடுவர் மணியைத் தொட்டுட்டார். முடிச்சுக்கறேன். நிகழ்ச்சியை டி.வி.யில பார்க்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க வீட்ல யாருக்காகவோ எதையாவது எடுத்து வெச்சிருந்தா, அந்த ஆளுக்கு இன்னைக்கே ஒரு போன் போடுங்க. இந்த ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க. விஸ்கியெல்லாம் வேண்டாம். எங்க நீலகிரித் தேயிலை ஒரு கிலோ வாங்கினா நானூறு ஐநூறு கப் டீ போடலாம். ஆனா டீத்தூளையும் ரொம்ப நாள் வெச்சுக்காதீங்க, அதுவும் வாசம் போயிடும்! பூப்போட்ட கோப்பையை எடுத்துக் கழுவுங்க. அதுல ஊத்திக் கொடுங்க. உடைஞ்சா உடைஞ்சுட்டுப் போகட்டும்.

 (நீண்ட கைதட்டல்)